சொன்னபடி கேட்கும் குதிரை: விளையாட்டு விதிகளின் பிரதிக்குள் ஒரு வாசிப்பு

விளையாட்டைப் பற்றியெல்லாம் எழுதணுமா என்று கேட்டார் ஒரு தோழர். நாட்டில் எத்தனை பிரச்சனைகள் இருக்க, அமெரிக்க நடுத்தர வர்க்கத்துப் பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டும் ஆட்டத்தில், அதிலும் அந்த ஆட்டத்தில் வரும் கற்பனைக் குதிரையில், நமக்கென்ன வேலை? நியாயமான கேள்விதான். ஆனால் 'அற்பமானது' என்று ஒதுக்கப்படும் இடங்களில்தான் கருத்தியல் ஆடை இல்லாமல் நடமாடுகிறது என்பதையும் நாம்தான் சொல்லி வந்திருக்கிறோம். சினிமாப் பாட்டை வாசித்தோம், பாடநூலை வாசித்தோம், சமையல் குறிப்பைக்கூட வாசித்தோம். ஒரு விதிப்புத்தகத்தை வாசிப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

இதை எழுதத் தூண்டியது கோவையில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடி. அவர் மகளும் அவளுடைய கல்லூரித் தோழர்களும் ஆடும் ஆட்டத்தை மூன்று இரவுகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகுதான் விதிப்புத்தகங்களைக் கடன் வாங்கிப் படித்தேன். அந்த மாடிக்குக் கடைசியில் வருகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் நடத்துநர். பாத்திரங்களைத் தவிர்த்த மீதி உலகம் முழுக்க அவர் வாய் வழியாகத்தான் பேசும். செய்ய நினைப்பது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் 20 முகப் பகடை தீர்ப்பு சொல்லும். கூட்டாகக் கதை கட்டும் இந்த ஆட்டத்துக்கு ஒரு போர் வம்சாவளி உண்டு. 1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் சேர்ந்து எழுதிய 'செயின்மெயில்', பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு. அங்கே குதிரை என்று தனியாக ஒன்று கிடையாது. இலகு குதிரைப்படை, நடுத்தரக் குதிரைப்படை, கனரகக் குதிரைப்படை என்ற பிரிவுகள்தான். மனிதனும் குதிரையும் ஒரே ஈயப்பொம்மை. பிறகு 1974இல் குதிரை தனியே பிரிந்து வந்தபோது எங்கே வந்து நின்றது? விலைப்பட்டியலில். கயிறு, தீவட்டி, எண்ணெய், கோவேறு கழுதை, போர்க்குதிரை. அதன் பிறப்பே பண்டமாகத்தான்.

இந்த விலைப்பட்டியலை வாசிக்காமல் மேலே போகக் கூடாது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். சவாரிக் குதிரை 75 பொன். போர்க்குதிரை 400 பொன். யானை 200 பொன். ஆமாம், சரியாகத்தான் படிக்கிறீர்கள், போர்க்குதிரையின் பாதி விலைக்கு யானை. இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று யானையைச் சொல்லிப் பழகிய நமக்குச் சிரிப்பு வரும். ஐரோப்பிய இடைக்காலம் என்ற கனவு எந்த மிருகத்தின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இந்த ஒரு வரி போதும். வீரம் குதிரைக்குச் சொந்தம். யானை சும்மா ஒரு பெரிய உருப்படி.

அடுத்த பக்கத்துக்குப் போனால் சிரிப்பு நின்றுவிடுகிறது. அதே புத்தகத்தில், பயிற்சி இல்லாத கூலியாளின் ஒரு நாள் சம்பளம் 2 வெள்ளி. சுமை தூக்குபவர், வீட்டு வேலை செய்பவர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். குதிரையை லாயத்தில் ஒரு நாள் கட்டி வைக்க 5 வெள்ளி. ஒரு பொன்னுக்குப் 10 வெள்ளி என்பதால் கணக்குப் போடுவது சுலபம். போர்க்குதிரையின் விலை அந்தக் கூலியாளின் 2000 நாள் சம்பளம். ஒரு நாள்கூட விடுப்பில்லாமல், ஒரு வாய் தின்னாமல் சேர்த்தால் ஐந்தரை வருடம். முந்தைய 3.5 பதிப்பில், அதாவது 2003இல், கூலி 1 வெள்ளியாக இருந்தது. லாய வாடகை அப்போதும் 5 வெள்ளிதான். பதினோரு வருடத்தில் கூலி இரட்டிப்பாகியிருக்கிறது. எந்தச் சங்கம் போராடியதோ தெரியவில்லை!

லாயத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுபவர் யார்? சாணி அள்ளுபவர் யார்? லாடம் அடிப்பவர் யார்? 'லாய வாடகை' என்ற ஒரே சொல்லுக்குள் அந்த மனிதர்கள் அடங்கிப் போகிறார்கள். அந்த 5 வெள்ளியில் அவர் கைக்குப் போவது 2 வெள்ளி என்று பிரதியே வேறொரு பக்கத்தில் ஒப்புக்கொள்கிறது. மார்க்ஸ் பண்டத்தைப் பற்றிச் சொன்னதுக்கு இதைவிடப் பாலபாடமான உதாரணம் கிடைக்காது. மனிதர்களுக்கிடையிலான உறவு, பொருள்களுக்கிடையிலான விலை உறவாக முகம் மாற்றிக்கொண்டு நிற்கிறது.

*

இங்கே நம்மவர்களின் பழைய நோய் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குதிரை என்றதும் 'குதிரை என்பது ஒடுக்கப்பட்டவரின் உருவகம்' என்று எழுதிவிட்டுக் கட்டுரையை முடித்துவிடுவது. அப்படிச் செய்யும்போது கூலியாளும் காணாமல் போகிறார், குதிரையும் காணாமல் போகிறது. மிஞ்சுவது நம்முடைய உருவகம் மட்டும். கூலியாளுக்குப் பேச வாய் இருக்கிறது. அவரைப் பேசவிடாமல் செய்வது விதி. குதிரையின் பிரச்சனை வேறு. அது நம் மொழியில் பேசாது. ஆனால் மறுக்கும், மிரளும், அடம்பிடிக்கும், சில வேளை மனசு வந்து கூடவும் வரும். அந்த மறுப்பை ஒரு பிரதி எப்படிப் பதிவு செய்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஆகவே குதிரையைக் குதிரையாகவே வைத்துக்கொண்டு பேசுவோம்.

குதிரை ஓர் இரை விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் கிட்டத்தட்டத் தன்னைச் சுற்றிலும் அதற்குத் தெரியும். நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. பயந்தால் ஓடுவது அதன் அறிவு. அந்த ஓட்டத்தை அடக்கித் தன் முதுகில் இன்னொரு உயிரைத் தாங்க வைப்பதைத்தான் பழக்குதல் என்கிறோம். பழக்குகிறவர்கள் சொல்லும் முக்கியமான விஷயம், அழுத்தத்தால் குதிரை கற்றுக்கொள்வதில்லை என்பது. கடிவாளத்தை இழுக்கிறோம், குதிரை நிற்கிறது, அந்தக் கணமே இழுவையைத் தளர்த்துகிறோம். அந்தத் தளர்வில்தான் அது கற்றுக்கொள்கிறது. தளர்த்தத் தெரியாதவன் கையில் குதிரைக்கு வாய் மரத்துப்போகும். நம் ஊரில் காளையை வசக்குகிறவர்களைக் கேட்டாலும் இதே கதையை வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

விதிப்புத்தகங்களில் இந்தத் தளர்வு எங்கேயும் இல்லை. இழுவை மட்டும் இருக்கிறது.

2003இன் விதிகள் இந்த விஷயத்தில் மிக விரிவானவை. அந்த விரிவுதான் அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. விலங்குக்கு ஒரு 'வித்தை' கற்றுத்தர ஒரு வாரம். சவாரிக்குப் பழக்க மூன்று வாரம். போர்ச் சவாரிக்கு ஆறு வாரம். குதிரையின் அறிவு எண் 2. அறிவு எண் 2 உள்ள மிருகம் அதிகபட்சம் ஆறு வித்தைதான் கற்க முடியும். போர்ப் பயிற்சியில் அடங்கியவை: தாக்கு, வா, காப்பாற்று, விலகு, காவல் இரு, கூட வா. எண்ணிப் பாருங்கள், ஆறு. மண்டை நிறைந்துவிட்டது. சாதாரணச் சவாரிக் குதிரைக்குத் தெரிந்த 'நின்ற இடத்தில் இரு' என்ற வித்தை இந்தப் பட்டியலில் இல்லை. இனிக் கற்பிக்கவும் இடமில்லை. 'விலகு' என்றால் சண்டையை விடும். ஆனால் ஓரிடத்தில் சும்மா நிற்பதற்குப் போர்க்குதிரையின் மூளையில் இடம் ஒதுக்கப்படவில்லை. எழுதியவர்கள் இதை யோசித்து எழுதியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. யோசிக்காமல் எழுதுவதில்தான் பிரதி உண்மை பேசும்.

மிஷல் ஃபூக்கோ, சிறையின் பிறப்பைப் பற்றி 1975இல் எழுதிய நூலில், படைவீரனின் உடலை ஒழுங்குக்குக் கொண்டுவருவதைச் சொல்லக் கையாளும் பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று 'திரெஸாஜ்'. குதிரையைப் பழக்குவதற்கும் அதே சொல்தான். உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நேரத்தை அட்டவணை போட்டு, ஒவ்வோர் அசைவையும் கட்டளைக்குப் பதிலாக மாற்றுவது. ஆறு வாரம், ஆறு வித்தை, இந்த எண்ணுக்கு மேல் வந்தால் வெற்றி. விதிப்பட்டியல் ஃபூக்கோவுக்காகவே அச்சடித்ததுபோல இருக்கிறது.

ஆனாலும் 2003இன் பிரதியை நான் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். அதில் இரண்டு இடங்களில் குதிரையின் உடம்பு தெரிகிறது. ஒன்று, பயம். போருக்குப் பழகாத குதிரையோடு சண்டைக்குள் போனால் அதைக் கட்டுப்படுத்தப் பகடையில் 20 எட்ட வேண்டும். தவறினால் அந்தச் சுற்றில் சவாரிக்காரர் வேறெதுவும் செய்ய முடியாது. குதிரையின் பயம் மனிதனின் நேரத்தைத் தின்கிறது. அந்த அளவுக்காவது அது அங்கே இருக்கிறது. இன்னொன்று, வலி. குதிமுள்ளால் குத்தி வேகத்தைக் கூட்டினால் ஒரு சுற்றுக்குப் 10 அடி லாபம். குதிரைக்கு 1 புள்ளி காயம். அடுத்தடுத்த சுற்றிலும் குத்தினால் 2, 4, 8 என்று இரட்டிக்கும். சாதாரண இலகு குதிரைக்கு உயிர்ப்புள்ளி 19. ஒன்றும் இரண்டும் நான்கும் எட்டும் பதினைந்து. ஐந்தாவது சுற்றின் பதினாறோடு குதிரை கீழே. ஒரு சுற்று 6 நொடி. அரை நிமிடத்தில், ஐம்பது அடி அதிகம் ஓடியதற்காக, ஒரு குதிரை விழுகிறது. கொடூரமான கணக்கு. ஆனால் கணக்கை மறைக்கவில்லை. யார் யாரைக் கொன்று வேகம் பெறுகிறார்கள் என்று எண்ணில் எழுதியிருக்கிறது.

2014க்கு வந்தால் இந்தக் குத்தும் இல்லை, பயமும் இல்லை. 'அனிமல் ஹேண்ட்லிங்' என்று ஒரு திறன் பட்டியலில் இருக்கிறது. மிரளும் குதிரையைச் சமாதானப்படுத்துவது பற்றி அதன் விளக்கத்தில் ஒரு வார்த்தையும் இருக்கிறது. ஆனால் சண்டையில் எப்போது மிரளும், மிரண்டால் என்ன ஆகும் என்பதற்கு விதி எதுவும் இல்லை. குதிரை, கழுதை போன்ற வீட்டு விலங்குகள் சவாரிக்குப் பழகியவை என்றே கொள்ளலாம் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். கவனியுங்கள்: பழக்குவது யார், எத்தனை நாள், எதைக் கொடுத்து, எதை அடித்து என்ற அத்தனையும் 'என்றே கொள்ளலாம்' என்பதற்குள் புதைந்துவிட்டது. எளிமைப்படுத்தினோம், ஆட்டம் வேகமாக நகர வேண்டாமா என்பார்கள். வேகமாக நகரட்டும், யார் வேணாம்னா? ஆனால் எளிமைப்படுத்தும்போது எது முதலில் வெட்டப்படுகிறது என்பது ஒருபோதும் தற்செயல் இல்லை.

இதே 2014இன் பிரதியில்தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த ஓரிடமும் இருக்கிறது. சவாரி விலங்கை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். 'கட்டுப்பாட்டில்' இருக்கும் விலங்கு சவாரிக்காரரின் முறையில்தான் அசையும். அதற்கு மூன்றே செயல்கள் உண்டு: விரைந்து ஓடலாம், சண்டையிலிருந்து நழுவலாம், அடியை ஒதுக்கலாம். 'சுதந்திரமான' விலங்கு தன் முறையில் தானே முடிவு செய்யும், தாக்கவும் செய்யும். அதாவது 400 பொன் கொட்டி வாங்கிய போர்க்குதிரை, கடிவாளத்துக்குள் இருக்கும்வரை யாரையும் உதைக்க முடியாது. அப்போது அதற்கும் 75 பொன் சவாரிக் குதிரைக்கும் ஆறு உயிர்ப்புள்ளிதான் பெரிய வித்தியாசம். போருக்கென்று பழக்கிய குளம்புகள், கட்டுப்படுத்திய கணத்தில் காணாமல் போகின்றன. முழுக் கீழ்ப்படிதல் வேண்டும் என்றால் ஓடவும் பதுங்கவும் மட்டுமே தெரிந்த உயிர்தான் கிடைக்கும், அதன் பலம் வேண்டும் என்றால் கயிற்றை விட வேண்டும் என்று விதி தன்னையறியாமல் சொல்கிறது. எழுதியவர்களின் நோக்கம் சவாரிக்காரருக்கு இலவசமாக இரண்டாவது தாக்குதல் கிடைத்துவிடக் கூடாது என்பதாக இருக்கலாம். நோக்கம் என்னவோ இருக்கட்டும். பிரதி தன் மையத்தைத் தானே அறுத்துக்கொள்ளும் இடம் இது.

நான் பார்த்த மூன்று இரவுகளிலும் ஒருவர்கூடத் தன் குதிரையைச் 'சுதந்திரமாக' விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

*

பாலடின் என்றொரு பாத்திர வகை உண்டு. கடவுளுக்கு நேர்ந்துகொண்ட வீரன். அவனுக்குத் தெய்வீகக் குதிரை கிடைக்கும். 1978இன் விதிப்படி அந்தக் குதிரை செத்துப்போனால் இன்னொன்றுக்கு, முதல் குதிரை வந்த நாளிலிருந்து பத்து வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். 2003இல் முப்பது நாள், அல்லது அதற்குள் அடுத்த நிலைக்கு உயர்ந்தால் அதுவரை. அந்த நாள்களில் அவன் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளி குறைவு. துக்கத்துக்கு விதி கொடுத்த இடம் அந்த ஒரு புள்ளி. 2014இல் அது மந்திரமாகிவிட்டது. குதிரை என்பது இப்போது ஓர் ஆவி. செத்தால் உடல் மிஞ்சாது, மறைந்துவிடும். மறுபடி மந்திரம் சொன்னால் காயமில்லாமல் அதே குதிரை. மந்திரம் சொல்ல ஆகும் நேரம் பத்து நிமிடம். 2024இன் திருத்தப் பதிப்பில் ஐந்தாம் நிலையை எட்டிய பாலடினுக்கு இந்த மந்திரம் தானாகவே வந்து சேர்கிறது.

பத்து வருடம், முப்பது நாள், பத்து நிமிடம். ஒரு சாவின் விலை நாற்பது வருடத்துக்குள் இப்படி இறங்கியிருக்கிறது. தீனி இல்லாத, லாயம் இல்லாத, பழக்க வேண்டாத, பிணம் வைக்காத வேலையாள். கூப்பிட்டால் வரும், செத்தால் திரும்பவும் வரும். எந்த முதலாளிக்குத்தான் இந்தக் கனவு இல்லை? (ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 1999இல் ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மைக் கம்பெனியின் கைக்குப் போனது. இதையும் அதையும் நேராக முடிச்சுப் போடுவது சோம்பேறித்தனம். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.)

வேறு மாதிரி எழுதவே முடியாதா என்று கேட்டால், எழுதியிருக்கிறார்கள். 1985இல் கிரெக் ஸ்டாஃபோர்ட் எழுதிய 'பெண்ட்ராகன்' ஆர்தர் மன்னன் கதையுலகில் நடப்பது. அங்கே ஒவ்வொரு வருடமும் குளிர்காலம் வரும். சண்டையெல்லாம் ஓய்ந்து வீட்டில் இருக்கும் காலம். அப்போது வயதுக்குப் பகடை, பிள்ளைப்பேற்றுக்குப் பகடை, குழந்தை பிழைக்குமா என்பதற்குப் பகடை, லாயத்தில் குதிரை பிழைக்குமா என்பதற்கும் பகடை. ஈட்டியோடு பாய்ந்து தாக்கும்போது அடியின் பலம் வீரனின் கையைப் பொறுத்தது அல்ல, குதிரையைப் பொறுத்தது. வீரன் என்று தனியாக ஒருவன் இல்லை, அவன் குதிரையோடு சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் என்பதை இந்த ஆட்டம் புரிந்துகொண்டிருக்கிறது. மனைவியும் குதிரையும் ஒரே வரிசையில் பகடைக்கு நிற்பதைப் பெண்ணிய வாசிப்புச் செய்யும் தோழர்கள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. நிலமானியக் கனவுதான். ஆனால் அந்தக் கனவில் குதிரை சாகிறது, செத்தது திரும்பி வருவதில்லை.

இன்னொன்று, 1976இல் வந்த 'பன்னீஸ் அண்ட் பரோஸ்'. அதில் ஆடுபவர்கள் எல்லாரும் முயல்கள். மனிதன் புரியாத, பயங்கரமான ஓர் அந்நியன். மிருகத்தின் பக்கமிருந்து உலகத்தைப் பார்ப்பது இந்த வடிவத்துக்கு முடியாத காரியமில்லை என்பதற்கு, ஆட்டம் பிறந்து இரண்டே வருடத்தில் சாட்சி இருக்கிறது. அந்தப் பாதை பெரும்பாதையாகவில்லை, அவ்வளவுதான்.

குதிரையைக் கையாளும் அறிவு என்பதே ஓர் அதிகாரம் என்பதற்கு நம் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே வருடாவருடம் கடல்வழி ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போகின்றன, குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வரவிடுவதில்லை என்று எழுதுகிறார். மிகைப்படுத்தி இருக்கலாம், பயணிகள் அப்படித்தான். ஆனால் விஷயம் விளங்குகிறது. குதிரையை விற்றார்கள், பழக்கத்தையும் வைத்தியத்தையும் விற்கவில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை.

*

மாடிக்கு வருகிறேன். மூன்றாவது இரவு. ஆற்றின் மேல் ஒரு கயிற்றுப் பாலம். நாலு பேர், பொதி சுமந்த ஒரே குதிரை. 'கட்டுப்பாட்டில் இருக்கு, நடத்திட்டுப் போறேன்' என்றான் ஒரு பையன். நடத்துநராக இருந்த நண்பரின் மகள், குதிரை நின்றுவிட்டது என்றாள். எந்த விதிப்படி என்று சண்டை. விதியில் இல்லைதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். பகடை உருட்டினான், 17. 'சக்சஸ். வா, போலாம்' என்றான். அவள் 'சக்சஸ்தான். குதிரை உன்னை விட்டு ஓடல, பக்கத்துல நிக்குது. ஆனா பலகை இடுக்குல தண்ணி தெரியுது அதுக்கு. நீ என்ன பண்றே?' என்றாள்.

எண் வந்த பிறகும் என்ன செய்கிறாய் என்று கேட்டது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தன் புத்தகத்தைப் புரட்டினான். இன்னொருத்தி குதிரையை இங்கேயே விட்டுட்டுப் போவோம் என்றாள். அப்போ சாப்பாட்டு மூட்டையை யார் தூக்குவது என்று ஒரு வாக்குவாதம். கூலிக்கு ஆள் பிடிக்கலாமா, 2 வெள்ளிதானே என்றான் ஒருவன். ஊர் பின்னால் அரை நாள் தொலைவில் இருக்கிறது. அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த பெண், தான் இறங்கிப் பொதியை அவிழ்ப்பதாகச் சொன்னாள். பாதியைத் தான் சுமப்பதாகவும், பாலத்தில் நாலு அடி முன்னால் போய்க் குதிரைக்குப் பார்க்கும்படி நின்று காட்டுவதாகவும், கயிற்றை இழுக்கப் போவதில்லை என்றும் சொன்னாள். நடத்துநர், குதிரை ஒரு காலை வைத்தது, எடுத்துவிட்டது என்றாள். சரி, நிற்கிறேன் என்றாள் அவள். எவ்வளவு நேரம்? அது வரும்வரை.

பாலத்தைக் கடந்து முடிக்கும்போது மணி பதினொன்றே முக்கால். புதையல் இருந்த குகைக்கு அன்றைக்கு அவர்கள் போய்ச் சேரவே இல்லை. கடைசிப் பஸ் போய்விட்டதென்று இரண்டு பேர் மாடியிலேயே படுத்துக்கொண்டார்கள்.